பெந்தியின் கையில் மான்கள்

எங்கள் திரேசு நாட்டில் பெரிய வீட்டுப் பெண்ணுக்குப் பச்சை குத்துவது அத்தையின் உரிமை. என் தம்பி டீசாஸ் ராஜாதான். ஆனாலும் அவன் மகள் பெந்திக்கு ஊசி பிடித்தவள் நான்.

"சின்னப் பிள்ளைங்க அவ. இன்னும் ரெண்டு வருஷம் போகட்டுமே" என்றாள் அவள் தாய் சியாக்கா.

"ரோமாபுரிக்காரன் காத்திருப்பானா?" என்றான் டீசாஸ். "பிள்ளையைப் பிணையா அனுப்பினாத்தான் நான் அவனுக்கு நண்பன். அவன் நண்பனா இருந்தாத்தான் ராஜா. வெறுங்கையோட போனா, உழவன் மகள்னு மூலையில உட்கார வச்சிடுவாங்க. கை நிறையக் குத்துக்கா. பார்த்ததுமே தெரியணும்."

கரியைக் குழைத்து, மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை மான்களைக் குத்தினேன். பெந்தி அழவில்லை.

"அத்தை, கடைசி மானுக்குக் கொம்பு கோணலா இருக்கு."

"நீ கையை ஆட்டாம இருந்தா நேரா வந்திருக்கும்டி, கழுதை."

"அங்க இதைப் பார்த்து எழுந்து நிப்பாங்களா?"

"நிக்காம?"

புண் ஆறிய மறுநாள் ரோமாபுரி அதிகாரி வந்தான். நாங்கள் ஊற்றிய மதுவில் தண்ணீரைக் கலந்துகொண்டான். பெந்தி சட்டைக் கையை மடித்துவிட்டு, மூன்று வயதுத் தம்பியை இடுப்பில் வைத்தபடி வந்து நின்றாள்.

"என்ன ராஜா, விளையாடுறீரா? மகளைக் கேட்டா வேலைக்காரியை நிறுத்துறீர்?"

"என் மகள்தாங்க ஐயா. கையைப் பாருங்க!"

"அதைத்தான் பார்க்கிறேன். எங்க ஊர்ல ஓடிப்போய்ப் பிடிபட்ட அடிமைக்குத்தான் இப்படிக் குத்துவோம்." அவன் கண் சியாக்காவின் கைக்கும் என் கைக்கும் போய்த் திரும்பியது. "வீடு முழுக்க ஓடிப்போனவங்களா?"

"தண்ணி கலந்து குடிக்கிற வாய்க்கு என்ன தெரியும்" என்று சியாக்கா முணுமுணுத்தாள்.

"அந்தக் குழந்தை?"

"என் மகன்" என்றான் டீசாஸ்.

"கை சுத்தமா இருக்கு. இவனை அனுப்பும். தூக்கி வச்சுக்க அவளும் வரட்டும். வேலைக்கு ஆள் வேணுமே."

"சொல்லுங்க!" சியாக்கா கத்தினாள். "அவளும் உங்க மகள்னு இன்னொரு தடவை சொல்லுங்க!"

டீசாஸ் கிண்ணத்துக்குள் பார்த்தான்.

"உங்க விருப்பம் ஐயா" என்றான்.

வண்டியில் சின்னவனுக்கு மெத்தை போட்டார்கள். பெந்தியை நடக்கச் சொன்னார்கள். அவள் சட்டைக் கையை விரல்வரை இழுத்துவிட்டுக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"அத்தை, தேய்ச்சா போகுமா?"

"போகாதுடி" என்றேன். "ஆழமாத்தான் குத்தினேன்."