பத்து மணிப் பூ தின்ற மாப்பிள்ளை

இதில் ஒரு சொல் பொய்யானாலும் சொல்கிறவன் நாக்கில் புல் முளைக்கட்டும். காதில் பூச் சுற்றும் கதையல்ல இது. வயிற்றுக்குள் பூப் போன கதை.

லிஃப்ட் மெக்கானிக் ஒருவன் நர்சரிக்காரரிடம் பெண் கேட்டுத் தனியாளாகப் போனான். ஹோட்டல்களில் சாப்பாட்டோடு பரிமாறும் பூக்களை வளர்ப்பவர் அவர். கண்ணாடிக் கூடாரத்துக்குள் அவனை உட்காரவைத்து, ஒரு தட்டு நிறையப் பூக்களை முன்னால் நகர்த்தினார்.

"இதுல திங்கிற பூவ மட்டும் தின்னுங்க. ஒண்ணு தப்பினாலும் பொண்ணு கிடையாது. நாளைக்கு நீங்க எதையாவது பறிச்சுக் குடுத்து எவனாவது வாயப் பொளந்தா, கம்பி எண்றது நானு."

"சரிங்க மாமா."

"மாமால்லாம் அப்புறம். இப்ப சார்."

காலிஃபிளவரைத் தவிர வேறு பூவை மெக்கானிக் தின்றதில்லை. ஆனால் அவர் முதுகுக்குப் பின்னால் மகள் நின்றிருந்தாள். தலையசைத்தால் தின்னலாம், உதட்டைப் பிதுக்கினால் கூடாது. கண்ணாலேயே ஒப்பந்தம் முடிந்தது.

சங்குப்பூவுக்குத் தலையசைத்தாள். தின்றான். மூச்சு நீலமாக வெளிவந்து மேஜைமேல் பனிபோலப் படர்ந்தது. அவள் நீட்டிய எலுமிச்சை ஜூஸை ஒரு மடக்குக் குடித்ததும் நீலம் ஊதாவாயிற்று. கூடாரமே ஊதாவில் மிதந்தது. பூந்தொட்டிகள் தரையைவிட்டு ஒரு சாண் எழும்பி மெல்ல ஆடின.

"ம், அடுத்தது," என்றார் நர்சரிக்காரர்.

வெயில் ஏறினால் மட்டுமே விரிகிற பத்து மணிப் பூ. அதற்கும் தலையசைத்தாள். லேசான புளிப்பு. உதடுகள் வெயிலில் இதழ் இதழாக விரிந்து, சிரிப்பு காதுவரை போனது.

"பல்லக் காட்டினது போதும்."

அப்புறம் சூரியகாந்தி இதழ். அதில்தான் வினை. விழுங்கிய மாத்திரத்தில் கழுத்து வெயிலடித்த பக்கம் திரும்பி அப்படியே நின்றுவிட்டது. மகள் பார்வையிலிருந்து மறைந்துபோனாள். தட்டு கடைக்கண்ணில் மங்கலாகத் தெரிந்தது. துழாவிய கைக்கு அடுக்கடுக்காக இளஞ்சிவப்பில் ஒரு பூ அகப்பட்டது. ரோஜாதான், வேறென்ன என்று வாய்க்குக் கொண்டுபோனான்.

அது அடுக்கு அரளி. விஷம். மகள் உதட்டைப் பிதுக்கிப் பிதுக்கிக் கடைசியில் அழவே தொடங்கிவிட்டாள். வாய்விட்டுச் சொன்னால் கல்யாணம் போச்சு. சொல்லாவிட்டால் மாப்பிள்ளையே போச்சு.

"அரளி!" என்று கத்த அவள் வாயெடுத்தபோது, சூரியனை ஒரு மேகம் மூடியது. வெயில் போனால் பத்து மணிப் பூ விழித்திருக்குமா? அவன் உதடுகள் கப்பென்று மூடிக்கொண்டன. எறும்புகூட நுழையாது. அழுத்திப் பார்த்தான், தட்டிப் பார்த்தான். சலித்துப்போய்ப் பூவைக் கீழே வைத்தான்.

நர்சரிக்காரர் எழுந்தே நின்றுவிட்டார். "பாக்காமலே அரளின்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

வாய் திறந்தால்தானே பதில்.

"இவ்வளவு தெரிஞ்சும் பேசாம இருக்காரே! அடக்கம்னா இதில்ல அடக்கம்! இனிமே மாமான்னே கூப்பிடுங்க."

மேகம் விலகும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள். பிறகு "மாமா" என்ற சொல் ஊதா நிறத்தில் மிதந்து போய் அவர் தோளில் உட்கார்ந்தது.

அந்த நர்சரிக்காரருக்கு இருப்பது இரண்டும் மகன்கள். சொல்கிறவன் நாக்கில் இப்போதே பச்சையாக ஏதோ முளைக்கிறது.