சரி, போடு

"ஏம்மா, மூணாவது காலை ஏன் மேல வச்சிருக்க? கீழ எறக்கு," என்றார் மாமனார், கட்டிலில் இருந்தபடியே.

அவள் திரும்பவில்லை. திரையில் இருந்த முக்கோணத்தின் இடது ஓரத்துக் கோட்டை மௌஸால் பிடித்துக் கீழே இழுத்துவிட்டாள். கழித்தல் குறி மேலே, கூட்டல் குறி கீழே. அவருக்கு எப்போதும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

"இப்போ?"

"ம். அடுத்ததைப் பாரு."

மேஜை சுவரை ஒட்டிக் கிடந்தது. அவளுக்குப் பின்னால் கட்டில். மாடிப்படியில் விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போனபிறகு, தலைமாட்டை உயர்த்தினால் அவளுடைய தோளுக்கு மேலாகத் திரை தெரிகிற மாதிரி, அளவு சொல்லிக் கட்டிலைப் போட வைத்தவர் அவரேதான். அன்றிலிருந்து அவளுடைய பகல் முழுவதும் அந்தச் சுவருக்கும் அந்தப் பார்வைக்கும் நடுவில் போயிற்று. தண்ணீர் குடிக்க எழுந்தால்கூட "எங்க?" என்பார். அதட்டலாக இருக்காது. ஆனால் பதில் சொல்லியாக வேண்டும்.

ஆம்பிளிஃபயர், ஒலி மிக்ஸர் செய்கிறவர்களுக்கு சர்க்யூட் போர்டு வடிவமைத்துக் கொடுப்பது அவர்கள் தொழில். கம்ப்யூட்டரில் சர்க்யூட் வரைய ஒவ்வொரு உதிரிக்கும், அதன் கம்பி முனைகளான கால்களோடு, ஒரு சின்னம் வேண்டும். அந்தச் சின்னங்களின் தொகுப்புக்கு லைப்ரரி என்று பெயர். சாஃப்ட்வேரோடு வருகிற லைப்ரரியை மாமனார் தொடமாட்டார். ஒருமுறை அதிலிருந்த வால்யூம் கன்ட்ரோல் சின்னத்தை நம்பி எடுத்துப் போட்டதில் ஒன்றாம் காலும் மூன்றாம் காலும் இடம் மாறி, செய்த ஆம்பிளிஃபயர் அத்தனையிலும் வலது பக்கம் திருகத் திருகச் சத்தம் குறைந்தது. போர்டு செய்யச் சொன்ன வாடிக்கையாளரை எல்லோரும் டிரான்ஸ்பார்மர் என்றுதான் கூப்பிடுவார்கள். டிரான்ஸ்பார்மர் சுற்றிப் பிழைக்க ஆரம்பித்தவர். உடம்பும் பெயருக்குத் தகுந்த உடம்பு. "சார், உங்க ஆம்பிளிஃபயருக்குக் கூச்சம் ஜாஸ்தி" என்று சிரித்துவிட்டுப் போனார். மாமனார் சிரிக்கவில்லை. அன்றைக்கே ஒவ்வொரு சின்னத்தையும் தானே வரையத் தொடங்கினார். அவர் கை நடுங்க ஆரம்பித்ததும் அவருக்கு மருமகள் கையானாள். அவள் வரைவாள், அவர் பார்ப்பார். "சரி, போடு" என்று சொன்னால்தான் எதுவும் லைப்ரரிக்குள் போகும்.

உறவுக்காரர்களுக்கு இதெல்லாம் பிடிபடவில்லை. "எங்க அண்ணன் மருமக வீட்டோட லைப்ரரி பாத்துக்கறா" என்று மாமனாரின் தங்கை எங்கேயோ சொல்லிவைக்க, ஒரு கல்யாண வீட்டில் யாரோ அவளிடம் பழைய வாரப் பத்திரிகைகள் கிடைக்குமா என்று கேட்டார்கள்.

வேறொரு ஊரில், மிக்ஸர் தயாரிக்கும் கம்பெனி ஒன்று அவளை வேலைக்குக் கூப்பிட்டிருந்தது. அன்று சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். "அப்பாகிட்ட நான் பேசறேன்" என்று சொல்லிச் சொல்லியே கணவன் காலத்தைக் கடத்தினான். கூட்டங்களுக்கு ஸ்பீக்கர் கட்டுகிற வேலை அவனுக்கு. அன்று காலை வண்டி ஏறும்போதும் "வந்து பேசறேன், என்ன?" என்று சொல்லிவிட்டுத்தான் போனான். நாத்தனார் அப்பாவைத் தன் வீட்டில் வைத்துக்கொள்ள ஒத்துக்கொண்டாயிற்று. விஷயம் தெரியாதவர் அவர் ஒருவர்தான்.

வரைந்துகொண்டிருந்த ஐ.சி. சின்னத்தில் இரண்டு முக்கோணங்களும் முடிந்தன. மின்சாரம் வருகிற நாலாம் காலும் எட்டாம் காலும் பாக்கி. மற்ற லைப்ரரிகளில் அவற்றை ஒளித்துவைத்திருப்பார்கள். "ஒளிச்சு வச்சா வரையறவன் மறந்துடுவான்" என்பார் இவர். ஓரத்தில் தனியாக, கண்ணில் படுகிற மாதிரி இருக்க வேண்டும். நாலாம் காலை வைத்துவிட்டு அவள் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"மாமா, ஒண்ணு சொல்லணும்."

"ம்" என்று கேட்ட மாதிரி இருந்தது.

சுவரைப் பார்த்தே சொன்னாள். கம்பெனியின் பெயர், ஊர், என்ன வேலை. அவர் நாத்தனார் வீட்டில் இருக்கலாம் என்பதையும் சொன்னாள். "அங்க கீழேயே ரூம் இருக்கு மாமா. காத்து நல்லா வரும்."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பின்னாலிருந்து பேச்சில்லை.

இந்த மௌனம் அவளுக்குப் பழக்கம். வரைந்தது பிடிக்கவில்லை என்றால் அவர் திட்டமாட்டார், வாயை மூடிக்கொள்வார். எதில் தப்பு என்று அவளே கண்டுபிடித்துத் திருத்தும்வரை அப்படியே இருப்பார். அவளும் திரும்பவில்லை. திரும்பி அந்த முகத்தைப் பார்த்துவிட்டால் சொன்னதையெல்லாம் வாபஸ் வாங்கிவிடுவோம் என்று பயமாக இருந்தது.

"கோவமா மாமா? உங்களை விட்டுட்டுப் போறேன்னு நினைக்காதீங்க. தினம் போன் பண்றேன். எந்த சிம்பல்ல சந்தேகம்னாலும் உங்களைத்தானே கேக்கணும்?"

எழுதாத ஒரு தாளை எடுத்து மடித்தாள், பிரித்தாள், மறுபடியும் மடித்தாள்.

"ஏதாவது சொல்லுங்களேன். வேணாம்னாவது சொல்லுங்க. நீங்க இருக்கற வரைக்கும் நான் இந்தச் சுவரையே பாத்துட்டு உக்காந்திருக்கணுமா?"

சொன்னபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். மடித்த தாளை மேஜையில் வைத்துத் தடவி நேராக்கினாள். பிறகு தணிந்த குரலில், "எட்டாவது காலை எங்க வைக்கட்டும் மாமா?" என்றாள். எத்தனை கோபமாக இருந்தாலும் இந்த மாதிரிக் கேள்விக்கு மட்டும் அவர் பதில் சொல்லிவிடுவார்.

சொல்லவில்லை. அவள் திரும்பினாள்.

கண்ணாடி மூக்கில் இருந்தது. கண் திறந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. வாய் மட்டும் லேசாகக் கோணியிருந்தது.

அடுத்த தெரு டாக்டர் வந்து, கையைப் பிடித்துப் பார்த்து, இமையைத் தூக்கிப் பார்த்து, ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றினார்.

"எப்ப ஆயிருக்கும் டாக்டர்?"

"கொஞ்ச நேரம் ஆகியிருக்கும்மா. நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க?"

"ஆமா. பேசிட்டு இருந்தேன்." பிறகு, "நான் பேசினது அவருக்குக் கேட்டிருக்குமா?" என்றாள்.

"அதெல்லாம் எப்படிம்மா சொல்ல முடியும்?" என்று அவர் பையை மூடினார்.

கணவன் வந்துசேர்வதற்குள் வீடு நிறைந்துவிட்டது. வந்தவன் அப்பாவின் காலடியில் உட்கார்ந்து, அவளை நிமிர்ந்து பார்த்து, "கடைசியா என்ன பேசினார்?" என்று கேட்டான்.

"மூணாவது காலைக் கீழ எறக்கச் சொன்னார்."

அவன் சிரித்துவிட்டான். சிரித்த வாய் அப்படியே கோணி அழுகையாயிற்று. "வேலை பாத்துட்டே போயிருக்காரு. கொடுத்துவச்சவரு" என்று சுற்றி இருந்தவர்கள் சொன்னார்கள். கம்பெனியிலிருந்து போன் வந்தது. வீட்டில் துக்கம் என்று சொன்னதும் அவகாசம் கொடுத்தார்கள்.

மறுநாள் எல்லாம் முடிந்து ஆண்கள் திரும்பியபின், வாசலில் போட்டிருந்த வாடகை நாற்காலிகளில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். டிரான்ஸ்பார்மர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இந்த நேரத்துல கேக்கக்கூடாது. இருந்தாலும் கேக்கறேன். இனிமே எங்களுக்கெல்லாம் யாரு?" என்றார்.

"அவ இருக்காளே," என்றான் கணவன், அவளைப் பார்க்காமலே. "அப்பாவோட கையே அவதானே. லைப்ரரியை அவ பாத்துப்பா."

மாமனாரின் தங்கை தலையை ஆட்டினாள். இன்னும் சிலர் ஆட்டினார்கள். டிரான்ஸ்பார்மர் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார். பேச்சு வேறு எங்கேயோ போகப் பார்த்தது.

"நான் அந்த வேலைக்குப் போறேன்," என்றாள் அவள்.

கணவன் திரும்பினான். "இப்ப எதுக்கு அது? அப்பா போய் ஒரு நாள் ஆகல."

"மாமாகிட்ட சொல்லிட்டேன்."

"எப்போ அண்ணி?" என்றாள் நாத்தனார்.

"நேத்து. வரைஞ்சுட்டு இருக்கறப்போ."

"அவர் என்ன சொன்னார்?" என்றான் கணவன்.

எல்லோரும் அவளையே பார்த்தார்கள். ஒருவர் பாதி குடித்த டம்ளரை வாயருகில் அப்படியே வைத்திருந்தார்.

"சரின்னார்."

"அவ்வளவுதானா?"

"'சரி, போ'ன்னார்."

கணவனின் முகத்தில் இருந்த இறுக்கம் விட்டுப்போனது. அவன் இத்தனை நாள் தயங்கியது அப்பாவின் வருத்தத்துக்குப் பயந்து மட்டும்தான் என்று அவளுக்கு அப்போது தெரிந்தது. "அப்பாவே சொல்லிட்டாரா?" என்றான். "அப்புறம் எனக்கென்ன. போ."

நாத்தனார் நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள். "அண்ணி, எங்க வீட்டுக்கு வர்றதுக்கு? அதுக்கும் ஒத்துக்கிட்டாரா?"

"ஒத்துக்கிட்டார்."

"நிஜமாவா? வரமாட்டேன்னு அடம் பிடிப்பார்னு நினைச்சேன். அந்த ரூமுக்குப் புதுசா பெயிண்ட் அடிச்சேன் அண்ணி," என்று சொல்லி, அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்தப் பிடியிலிருந்து கையை எப்படி எடுப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அன்று பகல் முழுவதும் கணவன் வருகிறவர்களிடமெல்லாம் இதையே சொன்னான். வர முடியாதவர்களிடம் போனில் சொன்னான். "போயிட்டு வாம்மான்னு சொல்லியிருக்கார். சிரிச்ச முகமா சொன்னாராம்." நம்ப முடியாதவர்கள் அவளைக் கூப்பிட்டு, "நீயே சொல்லு, எப்படிச் சொன்னார்?" என்று கேட்டார்கள். அவள் சொன்னாள். முதலில் ஒரு சொல்லாக இருந்தது பிறகு ஒரு வாக்கியமாயிற்று. கொஞ்ச நேரத்தில் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்ததும் அதில் சேர்ந்துகொண்டது. மாமனாரின் தங்கை கேட்டுவிட்டு, "இப்படி ஒரு மனசா எங்கண்ணனுக்கு!" என்று உருகினாள். பிறகு வந்தவர்களிடம் அவளே முந்திக்கொண்டு சொன்னாள். எங்காவது விட்டுப்போனால் "அப்படித்தானே?" என்று மருமகளைப் பார்த்தாள். அவள் ஆமாம் என்று தலையாட்டினாள்.

வெயில் தாழ்ந்ததும் நாற்காலி வாடகைக்காரர் வண்டியோடு வந்தார். நடுத்தர வயதுக்காரர், அதிகம் பேசாதவர். நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாகச் செருகி அடுக்கிக் கொண்டுபோய் ஏற்றினார். வாசல் காலியாகிக்கொண்டே வந்தது. உள்ளேயிருந்து கணவன் யாரிடமோ போனில் பேசுவது கேட்டது. "ஆமா, கடைசி நிமிஷம் வரைக்கும் தெளிவா பேசியிருக்கார்..."

ஒரே ஒரு நாற்காலி மிச்சமிருந்தது. அதில் அவள் உட்கார்ந்திருந்தாள். வாடகைக்காரர் பக்கத்தில் வந்து நின்றார். கேட்கத் தயங்கினார்.

"இருங்கம்மா. மெதுவா எழுந்திருங்க," என்று சொல்லிவிட்டுப் போய், வண்டியில் சாய்ந்து, தெருவின் அந்தக் கோடியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.