பிப்ரவரியில் ஒரு லூன்

புதன்கிழமை காலை ஆறு ஐம்பதுக்கு மாரிட் ஹால்வர்சன் ஒரு படகில் இருந்தாள். துடுப்பைத் தொடவே இல்லை. படகு தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. தண்ணீர் பால் விடாத தேநீரின் நிறத்தில், அடியில் கிடக்கும் கூழாங்கல் தெரியும்படி தெளிந்திருந்தது. நாணல் ஓரத்தில் ஒரு லூன் கத்தியது. யாரோ அக்கரையிலிருந்து ஒருவர் பெயரைப் பாதி கூப்பிட்டு, மீதியை வேண்டாமென்று விழுங்கிக்கொண்டது போல இருக்கும் அந்தப் பறவையின் குரல். பதிலுக்கு நாமும் கூப்பிடலாமே என்று மாரிட் வாயெடுத்தபோது, தண்ணீருக்கடியிலிருந்து ஓர் ஆண்குரல், "நாளை காலை ஏழே முக்காலுக்கு" என்றது.

கண் விழித்தாள். தலைமாட்டில் ரேடியோ பேசிக்கொண்டிருந்தது. ஆண்குரல் ஓடெலுடையது, வானொலி நிலையத்தில் அவளுக்குக் கீழே வேலை பார்க்கும் நிருபன். வந்துகொண்டிருந்தது அவளுடைய குழு ஏழு மாதம் உழைத்த செய்தியின் முன்னோட்டம். கனவில் கத்திய லூனும் அதற்குள்ளிருந்து வந்ததுதான். ஜன்னல் கண்ணாடியில் உறைபனி பூப்பூவாகப் படிந்திருந்தது. அதற்கப்பால் விரிகுடா முழுக்க வெள்ளை. பனிக்கட்டியின் மேல் மீன்பிடிக் குடில்கள் வரிசையாக நின்றன. ஒன்றிலிருந்து மட்டும் புகை வந்தது.

மாரிட் அந்தப் புகையைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் படுத்திருந்தாள். லூன்கள் அக்டோபரில் தெற்கே கிளம்பிவிடும். ஏப்ரல் கடைசியில் பனி உடைந்தால்தான் திரும்பும். அந்தச் செய்திக்காக டார்லீன் கோஸ்கியின் சமையலறையில் பதிவு செய்தது பிப்ரவரி ஒன்பதாம் தேதி.

எழுந்துபோய்க் குறிப்பேட்டைப் புரட்டினாள். தன் கையெழுத்திலேயே இருந்தது: பேச்சு முடிந்த நேரம், மூன்று முப்பத்தொன்பது. அதற்குக் கீழே, எதற்கென்று தெரியாமல் எழுதி வைத்திருந்த இன்னொரு வரி: சுவரில் பறவைக் கடிகாரம், இருபது நிமிடம் வேகம்.

மணிக்கொரு பறவை கத்தும் அந்த மாதிரிக் கடிகாரம் இந்தப் பக்கத்தில் பாதி வீடுகளில் உண்டு. நாலு மணிக்கு லூன். ஆனால் லூன் நாலு மணியாவதற்கு இருபது நிமிடம் முன்பே கத்தும் வீடு டாமரக் பாயிண்ட் ஊரில் ஒன்றுதான் இருக்கும்.

செய்தி அந்த ஊரின் குடிநீரைப் பற்றியது. பதினோரு வீடுகளின் குழாய்த் தண்ணீரில் ஈயம் அளவுக்கு மேல் இருந்தது. மாநில அரசுக்கு அனுப்பிய பட்டியலில் அந்தப் பதினோரு வீடுகளும் இல்லை, அவற்றின் இடத்தில் வேறு பதினோரு வீடுகள் இருந்தன. பட்டியலைத் திருப்பித் தட்டச்சு செய்யச் சொன்னது குடிநீர் அலுவலகத்தின் மேலாளர் கோர்டன். தட்டச்சு செய்தது பத்தொன்பது வருடமாக அங்கே எழுத்தராக இருக்கும் டார்லீன். பழைய பட்டியலின் நகலை ஒரு சமையல் புத்தகத்துக்குள் வைத்திருந்து வானொலிக்குக் கொடுத்ததும் அவள்தான். பெயர் வராது, குரலும் வராது என்று மாரிட் வாக்குக் கொடுத்திருந்தாள். அதனால் டார்லீன் சொன்னதை ஒரு நாடக நடிகை வாசித்தாள். வாசிப்பது வேறொருவர் என்று நேயர்களுக்கும் சொல்லியாயிற்று.

எல்லாம் சரி. ஆனால் அந்த வாசிப்புக்கு அடியில் டார்லீன் வீட்டு மௌனத்தை விரித்திருந்தார்கள்.

இது வானொலிக்காரர்களின் வழக்கம். பேட்டி முடிந்ததும் எழுந்துவிட மாட்டார்கள். ஒரு நிமிடம் எல்லோரும் வாய் மூடி உட்கார்ந்திருக்க, வெறும் அறையைப் பதிவு செய்வார்கள். ஒவ்வோர் அறையின் மௌனமும் ஒவ்வொரு மாதிரி. பேச்சை வெட்டி ஒட்டும் இடத்தில் அந்த மௌனத்தை இட்டு நிரப்பினால்தான் காதுக்கு உறுத்தாது. அந்த நிமிடத்தில் மாரிட் எப்போதும் கண்ணை மூடிக்கொள்வாள். ஓடெல் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருப்பான். பிப்ரவரி ஒன்பதாம் தேதியும் அப்படித்தான்.

ஆக, குரலை ஒளித்துவிட்டு வீட்டை அப்படியே ஒலிபரப்பியிருந்தார்கள்.

நிலையத்துக்குப் போன் செய்து, "அந்த முன்னோட்டத்தை எடுத்துடுங்க. இன்னொரு தடவை போகக் கூடாது. காரணம் நேர்ல சொல்றேன்" என்றாள். ஒரே ஒரு தடவை போயிருந்தது. அந்த நேரத்தில்தான் ஊரே காரில் ஏறி வேலைக்குப் போகும்.

எட்டு மணிக்கு மூவரும் ஒலிப்பதிவுக் கூண்டில் கூடினார்கள். அதற்கு ஜன்னல் கிடையாது. உள்ளே போய்விட்டால் வெளியே வெயிலா பனியா என்று தெரியாது. ஒலித் தயாரிப்பாளர் ராய்ஸ் பெல்லாஞ்சே, ஐம்பது வயதுக்காரன், தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"நான் ஏரிக்கரையில பொறந்து வளந்தவன்," என்றான். "இதைக் கேட்டப்ப எனக்கு என்ன தோணிச்சு தெரியுமா? ஆஹா, கேக்காமலே வந்து விழுந்திருக்குன்னு. எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா என்னை வாசப்படி ஏற விடமாட்டா."

"நான் சிகாகோக்காரன்பா. எனக்குப் புறா ஒண்ணுதான் தெரியும். என்னைக் கணக்குல சேக்காதீங்க," என்றான் ஓடெல்.

"உன்னை யாரு சேத்தா. ஏரி எந்தப் பக்கம் இருக்குன்னே உனக்குப் போன வருஷந்தான் தெரிஞ்சுது."

"மூணு பேரும்தான் கேட்டோம்," என்றாள் மாரிட். "ஆரம்பத்துலயே வைங்கன்னு சொன்னது நான். அது யாரு மேலயும் போக வேண்டாம்."

ராய்ஸ் அந்த நிமிடத்தை மறுபடி ஓடவிட்டான். ஃபிரிட்ஜின் முனகல், கூரையிலிருந்து பனி சரியும் ஓசை, பிறகு அது. இப்போதும் அழகாகத்தான் இருந்தது. மாரிட்டுக்கு மறுபடியும் படகு நகர்ந்தது. தெரிந்த பிறகும் மனம் ஏமாறத் தயாராக இருந்ததுதான் அவளுக்கு வியப்பு.

"வெட்டிட்டு வேற ஏதாவது சமையக்கட்டு மௌனத்தைப் போட்டுட்டா முடிஞ்சுது," என்றான் ஓடெல். "நம்மகிட்ட நூறு இருக்கு. யாருக்குத் தெரியப் போவுது?"

"ஒரு வீட்டுத் தண்ணிக்குப் பதிலா இன்னொரு வீட்டுத் தண்ணியைக் காட்டினவனைப் பத்தித்தான் செய்தி, ஓடெல்."

அவன் காது சிவந்தது. "சரி. ஆனா அந்தம்மாகிட்ட இப்பவே சொல்லணுமா? சொன்னா பின்வாங்கிட்டாங்கன்னா? ஏழு மாசம், மாரிட்."

"சொல்லணும். அதுவும் நேர்ல. நானே போறேன். நாளைக்கு இது போகாது."

நிலையத் தலைவரிடம் போய் அதையே சொன்னாள். வேறு எதைப் போடுவது என்று அவர் கேட்டார். பனிச்சாலை பராமரிப்பைப் பற்றி ஒன்று தயாராக இருக்கிறது என்றாள். அவர் முகம் வாடியது. ஆனால் வேண்டாமென்று சொல்லவில்லை.

டார்லீன் தினமும் பன்னிரண்டே காலுக்குக் காரை ஏரிக்கரையில் நிறுத்தி, பனியைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவாள். மாரிட் தன் காரை அருகில் விட்டுவிட்டு டார்லீனின் காரில் ஏறினாள். பின்னல் தொப்பியும் மடியில் பிளாஸ்க்குமாக இருந்த டார்லீன் திரும்பிப் பார்க்காமலே பேசினாள்.

"கதவை நல்லாச் சாத்துங்க. சூடு போயிடும்."

"காலையில கேட்டீங்களா?"

"முட்டை பொரிச்சுக்கிட்டிருந்தேன். நம்ம வீட்டுதுதான் கத்துதோன்னு திரும்பிப் பாத்தேன். அது பாட்டுக்குச் சும்மா தொங்குது. அப்புறந்தான் ரேடியோன்னு புரிஞ்சுது." பிளாஸ்க் மூடியில் காபி ஊற்றி மாரிட்டிடம் கொடுத்தாள். "பேச்சு முடிஞ்சப்புறந்தானே கத்திச்சு. அதை வெட்டிப் போட்டுடுவீங்கன்னு நெனச்சேன்."

"எங்க தப்பு. உங்களை மறைக்கிறேன்னு சொன்னேன். மறைக்கல. சாக்குச் சொல்ல ஒண்ணும் இல்ல."

"இல்லதான்."

பனிமேல் ஒருவன் சறுக்குப் பலகையில் பெட்டி ஒன்றை இழுத்துக்கொண்டு போனான். குடிலுக்குள் அவன் நுழையும்வரை இருவரும் பார்த்தார்கள்.

"கோர்டன் கேட்டாரா?"

"கேட்டான். கிறிஸ்துமஸுக்கு வருஷா வருஷம் என் வீட்டுல மீன் தின்னுட்டு, 'உன் வீட்டு லூனுக்கு அவசரம் டார்லீன்'னு கிண்டல் பண்றவன் அவன். காலையில கப்பைக் கழுவிக்கிட்டே, 'ரேடியோவுல பிப்ரவரியில லூன் கத்துது'ன்னான். என்னைப் பாத்துச் சொன்னானா, பொதுவாச் சொன்னானா, தெரியல. நானும் கப்பைக் கழுவிட்டு வந்துட்டேன்."

"நிறுத்தணும்னா நிறுத்திடறேன். முழுசா."

டார்லீன் பிளாஸ்க்கை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தாள். "அந்தப் பொண்ணு வாசிச்சது உங்ககிட்ட இருக்கா?" என்று கேட்டாள்.

மாரிட் ஹெட்போனைக் கொடுத்தாள். டார்லீன் தொப்பியைக் கழற்றி, அதைக் காதில் மாட்டிக்கொண்டு, கார்க் கண்ணாடி வழியே ஏரியைப் பார்த்தபடி நாலு நிமிடம் கேட்டாள். கழற்றும்போது உதடு கோணியிருந்தது.

"என்னங்க இவ, அழுவுற மாதிரி சொல்றா. நான் அழுதேனா?"

"இல்ல."

"நான் கோவமா இருந்தேன். அந்தப் பதினோரு வீட்டுல எட்டு வீட்டுக்காரங்களை எனக்குத் தெரியும். அவங்க வீட்டுத் தாளை என் கையாலயே எடுத்துப் போட்டேன். இப்படிப் பூனைக்குட்டி மாதிரி சொன்னா, யாரோ என்னைக் கட்டி வெச்சு அடிச்சுப் பண்ண வெச்ச மாதிரில்ல இருக்கு? பட்டன் தட்டினது நான். என் குரலைப் போடுங்க. பேரையும் போடுங்க."

ஒரு நிருபர் வாழ்நாள் முழுக்கக் காத்திருக்கும் வார்த்தை அது. மாரிட்டின் கை பையிலிருந்த பதிவுக் கருவியைத் தொடக்கூடத் தொட்டது. உடனே கையை எடுத்துக்கொண்டாள்.

"இன்னைக்கு இதை நான் கேக்கல," என்றாள். "எங்க தப்பால நீங்க ஒரு மூலைக்கு வந்திருக்கீங்க. மூலையில நின்னு சொல்றதை நான் எடுத்துக்க மாட்டேன். ரிட்டையராக இன்னும் ரெண்டு வருஷம் இருக்குன்னு சொன்னீங்க. வீட்டுல யோசிங்க. அடுத்த செவ்வாய்க்கிழமை வந்து கேக்கறேன்."

"அப்ப வேண்டாம்னா?"

"வேண்டாம்னா, நீங்க இல்லாமலே நிக்கிற செய்தியா அது இருக்கும். அது என் வேலை."

டார்லீன் முதல் தடவையாகத் திரும்பி அவளைப் பார்த்தாள். "காபி ஆறுது," என்றாள்.

அந்த ஆறு நாளும் மாரிட் அரைத் தூக்கத்தில் நடந்தவள் போலத்தான் இருந்தாள். செய்ய வேண்டியதை மட்டும் ஒன்று விடாமல் செய்தாள். ஓடெல் பதினோரு வீடுகளின் கதவையும் தட்டினான். நாலு வீட்டில் பரிசோதனைக்குக் கொடுத்த தண்ணீர்ப் பாட்டிலின் ரசீது இருந்தது. இரண்டு வீட்டுக்காரர்கள் மைக் முன்னால் பேசினார்கள். ஒரு வீட்டில் நாய் துரத்தியது. "இதுவும் கடிகாரத்துல இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க" என்று ராய்ஸுக்கு அந்தக் குரைப்பை அனுப்பி வைத்தான். திங்கட்கிழமை மாலைக்குள் டார்லீனின் ஒரு சொல்கூட இல்லாமல் செய்தி நின்றது. கொஞ்சம் நொண்டியது. ஆனாலும் நின்றது.

செவ்வாய்க்கிழமை டார்லீன் அரைநாள் விடுப்பு எடுத்திருந்தாள். மூவரும் அவள் சமையலறையில் போய் உட்கார்ந்தபோது மேசையில் ஏலக்காய் ரொட்டி இருந்தது. ஓடெல் இரண்டு துண்டு தின்று முடித்தான். அவள் இல்லாமலே செய்தி நிற்கிறது என்பதைச் சொல்லிவிட்டு, இன்னும் பேச விருப்பமா என்று மாரிட் கேட்டாள்.

டார்லீன் நிமிர்ந்தாள். "நிக்குதா?"

"நிக்குது. கொஞ்சம் நொண்டும்."

"அப்ப நான் ஊன்றுகோல்," என்றாள் டார்லீன். "மைக்கை வைங்க. கோர்டன் ஒரு வாரமா என்கிட்ட நல்லாத்தான் பேசறான். ரொம்ப நல்லாப் பேசறான். அதுதான் தாங்கல."

ஐம்பது நிமிடம் பேசினாள். அழவில்லை. எந்தத் தாளை எந்த நாளில் எடுத்தாள், அப்போது யார் அறையில் இருந்தார்கள், அதற்கப்புறம் என்ன சாப்பிட்டாள் என்பதுவரை வரிசையாகச் சொன்னாள். பேசி முடித்ததும் ராய்ஸ், "இப்ப ஒரு நிமிஷம்" என்றான்.

ஓடெல் பூட்ஸைப் பார்த்தான். மாரிட் கண்ணை மூடினாள். ஃபிரிட்ஜ் முனகியது. கூரையிலிருந்து பனி சரிந்து, ஜன்னலுக்கு வெளியே பொத்தென்று விழுந்தது. படகு மெல்ல நகர்ந்தது, நாணல் வந்தது, தண்ணீரின் அடியில் கூழாங்கற்கள். இந்தத் தடவை இது கனவென்றும் சமையலறையென்றும் அவளுக்கு ஒருசேரத் தெரிந்திருந்தது. லூன் கத்தியது. பாதிப் பெயர்.

"இது லூன் இல்ல," என்று அக்கரையிலிருந்து பதில் வந்தது. "பிப்ரவரியில ஏது லூன். இது என் வீட்டுக் கடிகாரம். இருபது நிமிஷம் வேகம். என் பேரு டார்லீன் கோஸ்கி."

மௌனத்துக்கு நடுவில் பேசக் கூடாது என்பது விதி. ராய்ஸ் கருவியை நிறுத்தவில்லை.

வியாழக்கிழமை காலை ஏழே முக்காலுக்குச் செய்தி அந்த இடத்திலிருந்துதான் தொடங்கியது. பன்னிரண்டு மணிக்கு மாரிட் ஏரிக்கரைக்குப் போய்க் காரில் காத்திருந்தாள். பன்னிரண்டே காலுக்கு டார்லீனின் கார் வராமல் போகலாம் என்று நினைத்திருந்தாள். வந்தது. பின்சீட்டில் அலுவலக மேசைப் பொருள்கள் நிறைந்த அட்டைப்பெட்டி எதுவும் இல்லை. மாரிட் இறங்கிப்போய் அதில் ஏறி, கதவை நன்றாகச் சாத்தினாள்.

"வேலையை விட்டு அனுப்பிட்டாங்களா?"

"இன்னும் இல்ல. கோர்டன் காலையிலேர்ந்து கதவைச் சாத்திக்கிட்டு போன்ல இருக்கான். எனக்குச் சாப்பாட்டு நேரம், வந்துட்டேன்." டார்லீன் டப்பாவைத் திறந்தாள். "திரும்பிப் போறப்ப ஆபீஸ் கதவை என் சாவி திறக்குதான்னு பாக்கணும். கூட வாங்க."

"வரேன்."

டார்லீன் சாப்பிட்டாள். வெயில் ஏறியிருந்தது, விரிகுடாவின் நடுவில் எங்கோ பனிக்கட்டி இறுகிக்கொள்ளும் நீண்ட முனகல் கேட்டு அடங்கியது. அதற்கப்புறம் ஒன்றுமில்லை. மாரிட் பழக்கதோஷத்தில் கண்ணை மூடி, ஒன்றிலிருந்து அறுபதுவரை எண்ணினாள்.