அதிகம் வைத்தவர் சீட்டைத் திருப்பலாம்

1.

இந்தக் கதை என் மனத்தில் தானாக ஊறியதல்ல. அண்ணி எழுதச் சொன்னாள். கேட்டு வாங்கிய கதை என்று வெளியே சொன்னால் எழுத்தாளருக்கு மரியாதை குறையுமாம். குறைந்தால் குறையட்டும்.

போன திங்கட்கிழமை காலை அண்ணி லாய்-பெங் ஒரு பை நிறைய வாதுமை பிஸ்கெட்டும் ஓர் அரசாங்கப் படிவமும் எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். என் அண்ணன் சியோ காம்-செங் இந்த மாதம் முப்பதாம் தேதி ஓய்வு பெறுகிறான். மக்காவ் சந்தைகளில் தராசுகள் ஒழுங்காக நிற்கின்றனவா என்று பார்ப்பது அவன் வேலை. முப்பத்தொரு வருடம் பார்த்தான். எங்கள் ஊரில் அரசு ஊழியர் சூதாட்டக் கூடத்துக்குள் கால் வைக்கக் கூடாது. சீனப் புத்தாண்டின் முதல் மூன்று நாள் மட்டும் விதிவிலக்கு. அந்த மூன்று நாளும் அண்ணனை அங்கேதான் பார்க்கலாம். இனி ஒன்றாம் தேதியிலிருந்து அவனுக்கு எல்லா நாளும் புத்தாண்டு.

"புது ஷூ வாங்கிட்டாரு," என்றாள் அண்ணி. "ரெண்டு பென்சில் சீவி வெச்சிருக்காரு. நான் சொன்னா காதுல ஏறாது. நீதான் கதை எழுதுறியே, அவரு எல்லாத்தையும் தோத்துட்டு நிக்கிற மாதிரி ஒண்ணு எழுது. உன் கதைன்னா ஒரு வரி விடாம படிப்பாரு. தப்பு கண்டுபிடிக்க."

படிவம் இதற்குத்தான்: குடும்பத்தார் கேட்டுக்கொண்டால் ஒருவரை இரண்டு வருடம் வரை கூடங்களுக்குள் விடாமல் நிறுத்தலாம். ஆனால் நிறுத்தப்படுபவரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். பூனைக்கு மணி கட்டினால் மட்டும் போதாது, பூனையிடம் கையெழுத்தும் வாங்க வேண்டும்.

(சதுர அடைப்புக்குள் இருப்பவை அண்ணன் ஓரத்தில் எழுதியவை. அவை எப்படி வந்தன என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.)

[பென்சில் இரண்டு இல்லை, மூன்று.]

2.

தொடக்கம் அ: கடைசிப் பந்தய வில்லையை மேசையில் வைத்தபோது காம்-செங்கின் கை நடுங்

நிறுத்திவிட்டேன். அண்ணன் கை நடுங்காது. ஒரு கிராம் எடைக்கல்லைச் சாமணத்தால் எடுத்துத் தட்டில் வைத்துப் பழகிய கை அது.

தொடக்கம் ஆ: அடகுக் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் அவனுடைய கைக்கடிகாரம் இன்னும் ஓடிக்கொண்

அந்தக் கடிகாரம் அவன் கையிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த வரியைப் படித்தால் மணி பார்த்துக் காட்டுவான்.

[11.40.]

தொடக்கம் இ: சூதாட்டக் கூடத்தில் ஆடுகிறவருக்கு எப்போதாவது உண்மையிலேயே லாபம் உண்டா?

இது கதை மாதிரி இல்லை, ஞாயிற்றுக்கிழமைக் கட்டுரை மாதிரி இருக்கிறது. ஆனாலும் பொய் இல்லாத ஒரே தொடக்கம் இதுதான். வைத்துக்கொள்கிறேன்.

3.

இதற்குப் பதில் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. பத்தொன்பது வருடம் சீட்டு மேசைக்கு அந்தப் பக்கம் நின்று சீட்டுப் போட்டவள் நான். முழங்கால் போன பிறகுதான் கதைக்கு வந்தேன்.

ஆட்டம் மிகச் சின்னது. சிவப்புப் பக்கம், நீலப் பக்கம். எந்தப் பக்கத்துச் சீட்டுகள் ஒன்பதுக்கு நெருக்கமாக வருகின்றனவோ அது ஜெயிக்கும். எந்தப் பக்கம் என்று பணத்தை வைத்துவிட்டால் அப்புறம் ஆடுகிறவருக்கு வேலையே இல்லை. வேலை இல்லாமல் யாரால் உட்கார முடியும்? ஆகவே இரண்டு வேலைகளை உண்டாக்கிக்கொண்டார்கள்.

முதலாவது, வந்த முடிவுகளைச் சின்ன அட்டையில் சிவப்பு வட்டம், நீல வட்டமாகக் குறித்துக்கொண்டே போவது. சிவப்பு தொடர்ந்து ஏழு எட்டு வந்தால் அதற்கு டிராகன் என்று பெயர்; வாலைப் பிடித்துக்கொண்டால் போதும் என்பார்கள். போன ஆட்டம் என்ன என்பது அடுத்த சீட்டுக்குத் தெரியாது. மனிதர்கள்தான் அதை ஞாபகம் வைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது, சீட்டைத் திருப்புவது. ஒரு பக்கத்தில் யார் அதிகம் வைத்தாரோ, அவரிடம்தான் சீட்டைத் தள்ளுவோம். மற்றவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அவர் இரண்டு கட்டை விரலாலும் ஒரு மூலையை மெல்ல மெல்லத் தூக்குவார். வேண்டாத புள்ளி இருந்தால் பறந்து போகட்டும் என்று சுற்றி நிற்பவர்கள் ஊதுவார்கள். பத்தொன்பது வருடம் என் முகத்தில் அடித்த பூண்டு வாசனைக் காற்றைச் சேர்த்து வைத்திருந்தால் ஒரு பாய்மரக் கப்பலைத் தைவான் வரை ஓட்டியிருக்கலாம். அச்சடித்த புள்ளி ஒன்றுகூடப் பறந்ததில்லை.

ஜெயித்துப் போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஜெயித்துவிட்டுத் திரும்பி வராதவள் என்றால் எனக்குத் தெரிந்து ஒருத்திதான். கழிப்பறை தேடி வந்தவள், நின்ற இடத்தில் ஒரு முறை வைத்தாள், ஜெயித்தாள், கழிப்பறை எங்கே என்று மறுபடியும் கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

4.

இப்போது என் பாத்திரத்தோடு தகராறு.

அண்ணன் தோற்றவன் என்று நிரூபிக்க அவனுடைய பிஸ்கெட் டப்பாவை வாங்கி வந்தேன். முப்பத்தொரு வருடத்து அட்டைகளும் அதற்குள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் பின்னாலும் அந்த நாள் என்ன ஆயிற்று என்று எழுதியிருக்கிறான். தோற்ற நாளையும் மறைக்கவில்லை. நேர்மையான மனிதனைப் பாத்திரமாக வைத்துக்கொண்டு படும் பாடு இருக்கிறதே!

கூட்டிக் கழித்துப் பார்த்தேன். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. அண்ணன் ஜெயித்திருக்கிறான். பெரிதாக ஒன்றுமில்லை: ஒரு குளிர்பெட்டி, அண்ணிக்கு ஒரு பச்சைக்கல் வளையல், கொஞ்சம் சில்லறை. ஆனாலும் ஜெயித்திருக்கிறான்.

அட்டையைப் படிக்கத் தெரிந்ததால் ஜெயித்தேன் என்கிறான். எனக்குத் தெரிந்தது வேறு. முப்பத்தொரு வருடத்தில் அவன் ஆடியது மொத்தம் தொண்ணூற்று மூன்று நாள். அவ்வளவு குறைவாக ஆடுகிறவனை அதிர்ஷ்டம் தோளில் தூக்கிக்கொண்டு போகலாம், வலி தெரியாது. ஒவ்வொரு வருடமும் நான்காம் நாள் காலை அரசாங்கம் அவன் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தியது. ஜெயித்தது அந்தக் கதவுதான். அதைத்தான் முப்பதாம் தேதி கழற்றப் போகிறார்கள்.

[ஒரு வருடம் எனக்குக் காய்ச்சல். ஆகவே தொண்ணூறு நாள்.]

5.

புதன்கிழமை அவனுடைய கடைசிச் சுற்றுக்கு நானும் கூடப் போனேன். பாத்திரத்தைக் கிட்ட இருந்து பார்க்க என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் மடக்கத்தான் போனேன்.

மீன் வரிசையில் ஒரு பெண்ணின் தராசில் ஒரு கிலோ பித்தளைக் கல்லை வைத்தான். பத்து கிராம் கூடுதலாகக் காட்டியது. கல் ஈரமாக இருக்கும் என்றாள் அவள். துடைத்து வைத்தான். மறுபடியும் அதே பத்து.

[பன்னிரண்டு கிராம். எழுதுவதைச் சரியாக எழுது.]

"பத்து கிராமுக்குப் போயா செங் அண்ணே? ஒரு மீனோட செதில் அவ்வளவு இருக்கும்," என்றாள் அவள்.

அண்ணன் கோபப்படவில்லை. ஒருத்தருக்கு ஒரு செதில், ஒரு நாளைக்கு இருநூறு பேர், வருடத்துக்கு எத்தனை மீன் என்று பொறுமையாக விளக்கிவிட்டு, இனி யாரும் அதில் நிறுக்க முடியாதபடி தராசுக்கு முத்திரை வைத்தான். அவள் முணுமுணுத்தபடி பழைய தராசைத் தேடப் போனாள். நான் காத்திருந்த இடம் இதுதான்.

"அண்ணா, நான் நின்ன மேசையும் இந்தத் தராசும் ஒண்ணுதான். நூறு வெச்சா ஒண்ணுக்குக் கொஞ்சம் மேல கூடத்துப் பக்கம் சாயும். அதுக்கு ஏன் நீ முத்திரை வைக்கல?"

அவன் பித்தளைக் கல்லைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தான். "சாயுதுன்னு எனக்குத் தெரியாதா, ஆ-குவன்? நான் அங்க மீன் வாங்கப் போகல. வேடிக்கை பாக்கப் போறேன்."

"மூணு நாள் வேடிக்கை சரி. முன்னூத்தி அறுபத்தஞ்சு நாளுமா?"

பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த கடைக்கு நடந்தான். புது ஷூ கிரீச்சிட்டது.

6.

முடிவுகள். மூன்று எழுதினேன், மூன்றையும் தொலைபேசியில் அண்ணிக்குப் படித்துக் காட்டினேன்.

அ. எல்லாவற்றையும் தோற்கிறான். அண்ணிக்கு ஒரே சந்தோஷம். ஆனால் பிஸ்கெட் டப்பாவைத் திறந்து என் முகத்துக்கு நேரே நீட்டுவான்.

ஆ. ஜெயித்துக்கொண்டே போகிறான். இப்படியும் நடக்கலாம், ஒரு மாதம், இரண்டு மாதம். அதற்குப் பிறகு எழுத எனக்குக் கை வரவில்லை.

இ. தானாகவே மனம் மாறிக் கையெழுத்துப் போடுகிறான். இருவரும் தாமரைக்கிழங்கு சூப் குடிக்கிறார்கள். அண்ணியே சிரித்துவிட்டாள்.

சிரித்து முடித்த பிறகுதான் அதைச் சொன்னாள். அவள் சொன்னபடியே இங்கே வைக்கிறேன்.

"எனக்குக் காசு போயிடும்னு பயமில்ல. புத்தாண்டு மூணு நாளும் அவரு முகத்தப் பாத்திருக்கியா? சாப்பாடு வெச்சா சாப்பிடுவாரு, கேட்டா ம்ம்னுவாரு. ஆனா ஆளு அங்க இருக்க மாட்டாரு. கண்ணு அந்த அட்டையிலயே இருக்கும். நாலாம் நாள் காலையில, டீ சூடா இல்லன்னு குறை சொல்லுவாரு பாரு, அப்பதான் எனக்கு மூச்சு வரும். மூணு நாள்னு முப்பத்தொரு வருஷம் பொறுத்துட்டேன். இனிமே நாலாம் நாளே வராதுல்ல?"

எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த முகங்களைப் பத்தொன்பது வருடம் நேருக்கு நேர் பார்த்தவள் நான். அந்த முகத்துக்காக வீட்டில் ஒருத்தி டீயைச் சூடாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் என்று ஒரு தடவைகூட நினைத்ததில்லை. லாபமா நட்டமா என்று நான் தேடிய இடமே தப்பு.

மூன்று முடிவுகளையும் அடித்துவிட்டேன். முடிவில்லாத கதையையும் படிவத்தையும் ஓர் உறைக்குள் போட்டு, வியாழக்கிழமை அண்ணன் வீட்டுக் கதவிடுக்கில் செருகிவிட்டு வந்தேன்.

7.

இன்று சனிக்கிழமை, முப்பதாம் தேதி. பகல் பன்னிரண்டுக்கு அண்ணனும் அண்ணியும் வந்தார்கள். அண்ணன் உறையை என் கையில் கொடுத்தான்.

"படிச்சிட்டேன். எடை தப்பு, பென்சில் தப்பு, நாள் கணக்கு தப்பு," என்றான். பிறகு கீழே போய் டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி இறங்கிவிட்டான். எந்தக் கடைக்கு என்று சொல்லவில்லை.

ஓரங்களில் நீல மையால் திருத்தங்கள். நீங்கள் படித்தவை அவைதான். ஆறாம் பகுதியை மூன்று முறை புரட்டினேன். அதன் ஓரத்தில் அவன் ஒன்றும் எழுதவில்லை. ஒரு தப்புகூட அவனுக்கு அகப்படவில்லை.

படிவம் நான்காக மடிந்து உறையின் அடியில் கிடந்தது. சாப்பாட்டு மேசைக்கு அந்தப் பக்கம் அண்ணி உட்கார்ந்திருக்கிறாள். நீயே பிரித்துப் பார் என்று கண்ணைக் காட்டினாள். என் கை போகவில்லை. பழக்கம் அப்படி. சீட்டுப் போடுகிறவள் சீட்டைத் திருப்புவதில்லை. அதிகம் வைத்தவர்தான் திருப்ப வேண்டும். இந்த மேசையில் அதிகம் வைத்தவர் யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

படிவத்தை எழுத்துத் தெரியாதபடி விரித்துக் குப்புற வைத்து, இரண்டு விரலால் அண்ணி பக்கம் தள்ளினேன்.

வாழ்நாளில் ஒரு தடவைகூட அந்தக் கூடத்துக்குள் போகாதவள், இரண்டு கட்டை விரலாலும் அச்சு அசல் அண்ணன் மாதிரியே மூலையைத் தூக்குகிறாள். நீல மையில் ஒரு கீற்றுத் தெரிகிறது. அவன் பெயரின் முதல் கோடாகவும் இருக்கலாம், படிவத்தில் அச்சுப்பிழை கண்டுபிடித்துத் திருத்தியதாகவும் இருக்கலாம். அவனை நம்ப முடியாது.

ஊதினால் எதுவும் மாறாது என்று மூன்றாம் பகுதியில் எழுதியவள் நான்தான். இதோ, மேசைமேல் குனிந்து ஊதிக்கொண்டிருக்கிறேன். பக்கத்தில் இடம் இருக்கிறது, நீங்களும் வாருங்கள்.