முடிக்குச் சொன்ன காரணம்

நயினார்கோவிலுக்கு வேனை எடுக்கும்போதே அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அக்கா பிள்ளைக்கு மொட்டை போடுங்கள், காது குத்துங்கள், தாய்மாமன் நான் மடியில் வைத்துக்கொள்கிறேன், செய்ய வேண்டிய சீரைச் செய்கிறேன். என் தலையில் மட்டும் ஒருத்தன் கை படக் கூடாது. அம்மா வாழைப்பழச் சீப்பை மடியில் வைத்துக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். வேண்டாத பேச்சு வந்தால் அவளுக்குக் காது கேட்காது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு வேனிலிருந்து குதித்திருப்பேன், ஓட்டுகிறவன் நானாக இருந்ததால் முடியவில்லை.

எனக்கு இருபத்தைந்து வயது. உச்சிப்புளியிலிருந்து புதுமடம் வரைக்கும் கடைகளுக்கும் வீடுகளுக்கும் தண்ணீர் கேன் போடுகிறேன். இரண்டரை வருஷமாக முடி வளர்க்கிறேன், தோளுக்குக் கீழே இறங்கிவிட்டது. ஏன் வளர்க்கிறாய் என்று கேட்காத ஆள் கிடையாது. பிடித்திருக்கிறது, வளர்க்கிறேன். இந்தப் பதில் ஒருத்தருக்கும் போதவில்லை. அவர்கள் மீசையை ஏன் வைத்தார்கள் என்று நான் போய்க் கேட்டேனா? எட்டாம் வகுப்பில் பி.டி. வாத்தியார் பிரேயரில் எல்லார் முன்னாலும் என் நடுமண்டையில் கத்திரியை விட்டுப் பாதை போட்டார். அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தால், என்னைப் பெற்ற அய்யா சந்தோஷமாகச் சலூனுக்குக் கூட்டிப்போய் மிச்சத்தையும் வழித்துவிட்டார். அன்றைக்கே சபதம் எடுத்தேன் என்று சொன்னால் பொய். ஆனால் சொந்தமாக வண்டி ஓட்ட ஆரம்பித்த மாதத்தோடு சலூன் பக்கம் போவதை நிறுத்தினேன். புதுமடத்தில் தண்ணீர் வாங்குகிற சபியா லாத்தா, அங்கே அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள், அவர் ஒருத்தர்தான் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. கடற்காற்றுக்குச் சிக்குப் பிடிக்கும், எண்ணெய் வைக்காமல் வராதே என்று மட்டும் சொன்னார்.

கவிப்ரியா அக்காவுக்குக் கல்யாணமாகி நாலு வருஷம் பிள்ளை இல்லை. ஒரு விசேஷ வீட்டுப் பந்தியில் அக்காவின் மாமியார் என் தலையைப் பார்த்துவிட்டு, உங்கள் மகன் ஏன் பொம்பளை மாதிரி திரிகிறான் என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறார். எங்கள் அம்மா ராமலெட்சுமி வாய் கூசாமல் ஒரு பொய்யைச் சொன்னாள். அக்காவுக்குப் பிள்ளை பிறந்தால் நயினார்கோவிலில் முழு முடியையும் இறக்குவதாக அவன் நேர்ந்திருக்கிறான் என்றாள். மூன்றாம் மாதம் அக்கா முழுகாமல் இருக்கிறாள் என்று போன் வந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் எனக்கு என் மேலேயே பற்றிக்கொண்டு வருகிறது. சிரித்தவர்கள் எல்லாம் கும்பிடாத குறையாகப் பேசினார்கள். மச்சான் வேட்டி சட்டை எடுத்துக்கொடுத்தார். சாலையில் வண்டியை மறித்துத் தலையைக் காட்டித் திட்டுகிற போலீஸ்காரர், சாமிக்கு விட்டது என்றதும் போப்பா என்று கையாட்டினார். நான் அப்போதே மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை. நிம்மதியாக முடி வளர்ந்தது, எனக்கு அது போதுமாக இருந்தது. கிட்டத்தட்ட இரண்டு வருஷம் அம்மாவின் பொய்யில் நான் குளிர்காய்ந்தேன்.

இப்போது பிள்ளைக்குப் பதினோராம் மாதம். போன வாரம் அக்கா போனில் அழுதாள். பிள்ளைக்கு இரண்டு தடவை காய்ச்சல் வந்ததற்கு அவள் மாமியார் என் தலையைத்தான் காரணம் சொல்கிறாராம். முடியை இறக்கிவிடு, நாளைக்கு இவன் தும்மினாலும் என்னைத்தான் பேசுவார்கள் என்றாள். அவள் அழுகை எனக்குத் தெரியும், நடிப்பு இல்லை. அதனால்தான் இன்னும் ஆத்திரமாக வந்தது. யாரோ சொன்ன பொய்க்கு யாரோ பயப்படுகிறார்கள், வெட்டுப்படுவது மட்டும் என் முடியா?

கோயிலுக்குப் பக்கத்தில் மொட்டை போடுகிற கொட்டகையில் இரண்டு மணை போட்டிருந்தார்கள். முடி எடுப்பவர்கள் இரண்டு பேர், கத்தியில் புது பிளேடு மாட்டிக்கொண்டிருந்தார்கள். மாமன்காரன் முதலில் உட்காரட்டும், பிறகு அவன் மடியில் பிள்ளையை வைக்கலாம் என்று அக்காவின் மாமியார் ஏற்பாடு சொன்னார். நான் வீம்புக்கு ரப்பர் பேண்டை உருவி முடியை முதுகில் விரித்துவிட்டேன்.

"நான் எதையும் நேரல. உங்க வாய அடைக்கிறதுக்கு எங்கம்மா சொன்னது அது. இது எனக்குப் பிடிச்சு வளக்குற முடி."

அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. அக்காவின் இடுப்பிலிருந்த பிள்ளையைப் பார்த்தார், பிறகு அக்காவைப் பார்த்தார். அப்படியென்றால் சாமிக்கு யார் பதில் சொல்வது என்று அவளிடம் கேட்டார். சொன்னது நான், கேள்வி அவளுக்கு. அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மச்சான் போனை எடுத்துப் பார்த்தார்.

அம்மாதான் பேசினாள். அவன் நேரவில்லை, சொன்னது நான்தான் என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஒப்புக்கொண்டாள். முதலில் பிள்ளைக்கு எடுங்கள், நல்ல நேரம் போகிறது என்றாள். எனக்கு நம்பவே முடியவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்து, மணையில் போய் உட்கார்ந்தேன். பிள்ளையை மடியில் வைத்தார்கள். தலையில் தண்ணீர் பட்டதும் வீறிட்டான். காதுக்கு மேலே இரண்டு கையாலும் அழுத்திப் பிடிக்கச் சொன்னார் முடி எடுப்பவர், நீங்கள் அசைந்தால் பிள்ளைக்கு வெட்டிவிடும் என்றார். உச்சியிலிருந்து முதல் வழிப்பு வழித்தார்.

அப்போதுதான் அம்மா தலையிலிருந்த பூவை எடுத்து அய்யா கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்து மணையில் உட்கார்ந்தாள். கொண்டையை அவிழ்த்தாள். இரண்டாவது ஆள் கத்தியை வைத்துக்கொண்டு அய்யாவைப் பார்த்தார். அய்யா பூவைப் பார்த்துக்கொண்டு நின்றார். அக்காவின் மாமியாரே பதறிப்போய், பொம்பளைக்குப் பூமுடி போதும், மூன்று கத்தை நறுக்கினால் சாமி ஏற்றுக்கொள்ளும் என்று ஓடி வந்தார்.

"முழு முடின்னுதான சொன்னேன், சம்பந்தி," என்றாள் அம்மா.

"யம்மா, எந்திரி. எந்திரிங்கிறேன்ல."

"ஏலே காளிராஜு, பிள்ள தலையப் பிடி. ஆட்டுறான் பாரு."

எனக்காகத்தான் உட்கார்ந்தாளா, என்னைப் பழிவாங்க உட்கார்ந்தாளா, தெரியவில்லை. நாளைக்கு அவள் கடைக்குப் போனால் ஊரே அவள் மொட்டையைப் பார்க்கும், அப்படியே திரும்பி என் முடியைப் பார்க்கும். அது தெரிந்துதான் உட்கார்ந்திருக்கிறாள். தெரியாமலும் உட்கார்ந்திருக்கலாம். எதுவாக இருந்தாலும் அவளைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது.

எழுந்திருக்க வழியில்லை. என் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் பிள்ளையின் தலை, அதன் மேல் கத்தி. பக்கத்தில் செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. குனிந்து பிள்ளையைப் பிடித்திருந்ததில் என் முடி முன்னால் சரிந்து கண்ணை மறைத்து வாய்க்குள் போனது. ஒதுக்க ஒரு கை இல்லை. உதட்டைக் குவித்து ஊதினேன். கொஞ்சம் விலகி, திரும்பவும் கண்ணிலேயே வந்து விழுந்தது. அந்தக் கொஞ்சத்தில் பார்த்தேன், அம்மா கண்ணை மூடியிருந்தாள், அவளுக்கு இடது பக்கம் பாதி எடுத்தாகிவிட்டது.