மேலிருந்து அடித்த காற்று

அன்று காலை இருந்தவர்கள்: இருங்காட்டுக்கோட்டை வீட்டுக்காரர் கோதண்டம், அவர் மனைவி மரகதம், என் அறைத்தோழன் இசக்கியப்பன், நைட் ஷிப்டுக்குப் போகாமல் நின்றுவிட்ட நான்.

நாங்கள் இருவரும் வேலை பார்க்கும் கம்பெனியின் பேக்கிங் பெட்டிப் பலகைகளை எரித்து, அவர்களுடைய விறகடுப்பின் புகைக்குழாயை நாங்கள் கரியால் அடைத்திருந்தோம்.

"சரி பண்ணு, இல்லாங்காட்டி ரூமைக் காலி பண்ணிகினு போ" என்றார் கோதண்டம்.

"லைன்ல எல்லாத்தையும் காத்தடிச்சுத்தான கிளீன் பண்ணுதோம், அண்ணாச்சி" என்று சொல்லி, இரவல் புளோயருடன் கூரையேறிய இசக்கியப்பன் குழாய்க்குள் காற்றடித்தான்.

"இன்னாடா, ஒண்ணியும் வரல?" என்று கோதண்டம் அடுப்புக்குள் தலையை விட்டார். வந்தது.

அவருடைய நரைத்த மீசை கறுத்தது.

"இருவது வயசு கொறஞ்சிகீது" என்றாள் மரகதம்.

அடுப்பு மூட்டினாள். புகை நேராக வெளியே போனது. மூட்டை முடிச்சோடு நாங்களும் போனோம். கோதண்டம் கதவைச் சாத்திப் பூட்டினார்.