கொக்கு விட்ட இடைவெளி

என் மச்சான் செத்து ஒரு வருடம் ஆகிறது. இன்னும் என்னைவிட அவனுக்குத்தான் கைதட்டல் அதிகம். உயிரோடு இருப்பவனுக்கு இதைவிட அவமானம் உண்டா?

மேடையில் நாங்கள் இரட்டையர். அவன் கொக்கு, நான் பூசணி. அவன் உயரத்துக்கு மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் திரையையே தூக்குவார்கள். நான் நடந்து வந்தால் முன்வரிசை நாற்காலிகள் தாமாகவே பின்னால் நகரும். சிரிக்க வைப்பது அவன் வேலை. அவனுக்கு எடுத்துக் கொடுத்துவிட்டு, சிரிப்பு அடங்கும்வரை வாயை மூடிக்கொண்டு நிற்பது என் வேலை. அந்த இடைவெளியில் நான் தும்மிவிட்டால்கூடப் போச்சு. திரை விழுந்ததும், "மாப்ள, என் சிரிப்பை மிதிச்சிட்டியே" என்று அழாத குறையாகக் கேட்பான்.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். என் மனைவியின் சிரிப்பைத்தான் பொறுக்க முடியவில்லை. அவள் கொக்கின் சொந்தத் தங்கை. அவன் "தண்ணி குடு" என்றாலே விழுந்து விழுந்து சிரிப்பாள். குடம் தரையில் உருளும். நான் ஜோக் சொன்னால், "கதவைச் சாத்துங்க, கொசு வருது" என்பாள். கல்யாணமான நாளிலிருந்து எனக்கென்று ஒரே ஒரு சிரிப்பு அவளிடம் வாங்கிவிட வேண்டும் என்று தவம் கிடக்கிறேன். தாடி ஒன்றுதான் வளரவில்லை.

போன மாதம் அரங்கத்து மேனேஜர் வீட்டுக்கு வந்தார். கொக்குக்கு நினைவு நாள் விழா எடுக்கிறார்களாம். எங்கள் 'டெலிபோன் ஆபீஸ்' நாடகத்தின் பழைய வீடியோ கிடைத்திருக்கிறதாம்.

"அவர் திரையில பேசுவார். நீங்க பக்கத்துல நின்னு உங்க பாகத்தைப் பேசுங்க சார்."

"ஏன், வீடியோவுல நான் இல்லியா?"

மேனேஜர் தலையைச் சொறிந்தார். "முழங்கை இருக்கு சார்."

பார்த்தீர்களா? கேமராக்காரன் நாடகம் முழுக்க அவன் முகத்தையே நக்கிக்கொண்டிருந்திருக்கிறான். நாட்டிலேயே பெரிய உடம்பு என்னுடையது. அதில் ஒரு முழங்கைக்குத்தான் இடம் கிடைத்திருக்கிறது.

"அப்புறம் சார், பழைய சிரிப்புச் சத்தமெல்லாம் கரகரன்னு இருந்துச்சு. அதையும் உங்க குரலையும் எடுத்துட்டோம்."

என் குரலையுமா! சரி, சத்தத்தை எடுத்தார்கள். சிரிப்பு இருந்த இடத்தை எடுக்க முடியுமா? அன்றைய ஜனங்கள் எவ்வளவு நேரம் சிரித்தார்களோ, அவ்வளவு நேரமும் திரையில் கொக்கு ஒற்றைப் புருவத்தைத் தூக்கியபடி காத்துக்கொண்டுதான் நிற்பான்.

நினைவு நாளன்று அரங்கம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் என் மனைவி, நல்ல புடவையில், சிரிக்கத் தயாராகக் கைக்குட்டையோடு. மேடை ஓரத்தில் நான். திரையில் என்னைவிட நான்கு மடங்கு பெரிதாக அவன். செத்தும் உயரம் குறையவில்லை.

அந்தக் காலத்தில் வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் டெலிபோன் ஆபீஸுக்குப் போய், குமாஸ்தாவிடம் சொல்லி, இணைப்புக்காகக் காத்திருக்க வேண்டும். குமாஸ்தா நான். பேச வந்தவன் அவன்.

"சத்தமாப் பேசணுமா? நான் கத்துனா போனே வேண்டாமேய்யா!" என்றான் கொக்கு. அன்றைக்குக் கூரை பிய்ந்த இடம் இது. இன்றைக்கு யாரோ இருமினார்கள். அவன் புருவத்தைத் தூக்கிக்கொண்டு நின்றான், நின்றான், நின்றுகொண்டே இருந்தான்.

அடுத்து, தன் பெண்டாட்டியைக் கப்பலில் ஏற்றினால் கப்பல் சாயும் என்ற ஜோக். இரண்டாம் வரிசையில் ஒரு பெண் கையைக் கட்டிக்கொண்டாள். அவள் பக்கத்தில் இருந்தவன் செல்போனை எடுத்தான். மறுபடியும் கொக்கு காத்திருந்தான்.

எனக்குள்ளே மத்தளம் கொட்டியது. விழுந்தான்டா என் மச்சான்! துள்ளிக் குதித்திருப்பேன், மேடை தாங்காது என்பதால் விட்டேன். வெற்றிப் பெருமிதத்தோடு என் மனைவியைப் பார்த்தேன். அவள் கைக்குட்டையை முறுக்கிக்கொண்டிருந்தாள். தன் அண்ணன் ஊர் நடுவே தனியாக நிற்பதைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்திருந்தாள்.

மூன்றாவது இடைவெளி வந்தது. இத்தனை வருடம் எனக்குத் தடைசெய்யப்பட்ட இடம். காலை வைத்தேன்.

"மச்சான், இவங்க அந்தப் போனைப் பாத்ததே இல்ல. நீ தண்ணிக் குழாய்ல பேசுறேன்னு நெனச்சுக்கிட்டு இருக்காங்க!"

அரங்கம் சிரித்தது. எனக்கு! நெஞ்சை நிமிர்த்தினேன், சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்து எங்கேயோ போனது. அதற்குள் திரையில் கொக்கு போனைக் காதிலிருந்து எடுத்து முறைத்தான்.

"யாருய்யா அது குறுக்க பேசுறது?"

போன் லைனில் ஒருவர் பேச்சுக்கு நடுவே இன்னொருவர் பேச்சு வந்து விழும் காலத்து வசனம். இப்போது எனக்கென்றே எழுதியது போல விழுந்தது. அரங்கம் வெடித்தது. என் சிரிப்பைவிடப் பத்து மடங்கு. பாவி!

ஆத்திரத்தில் அடுத்த வசனம் என்ன என்று யோசிக்காமலே பாய்ந்தேன். "போய் ஒரு வருஷமாச்சு. இன்னும் அடங்க மாட்டேங்கிறியே!"

"நான் எங்கயும் போகலீங்க, இங்கதான் நிக்கிறேன்" என்றான் அவன், பவ்யமாக.

இந்தத் தடவை சிரித்தவர்களில் பாதிப்பேர் கண்ணைத் துடைத்தார்கள். என் மனைவி தலையை நிமிர்த்தியிருந்தாள். ஆனால் இன்னும் சிரிக்கவில்லை.

கடைசி இடைவெளி. என்னிடம் ஒரு ஜோக் இருந்தது. நான் பல வருடமாக ஊறப்போட்டு வைத்திருந்த ஜோக். சொன்னால் சிரிப்பு தெருமுனை வரைக்கும் கேட்கும், அவனுடைய கடைசி வசனம் அதில் மூழ்கிப் போகும். வாயைத் திறந்தேன். அப்போது பார்த்து அந்தக் கடைசி வசனம் ஞாபகம் வந்து தொலைத்தது. காலமெல்லாம் அவனுக்கே எடுத்துக் கொடுத்த வாய், பழக்கதோஷம், ஜோக்கை விழுங்கிவிட்டு வேறொன்றைச் சொன்னது.

"இத்தனை வருஷத்துல ஒரு தடவையாவது என்னையப் பேச விட்டியா மச்சான்?"

கொக்கு பெருமூச்சு விட்டான். "சரி, நீங்களே பேசுங்க. நான் வைக்கிறேன்." போனை வைத்தான். திரை இருண்டது.

கைதட்டலில் கட்டிடத்தின் சுண்ணாம்பு உதிர்ந்தது. எல்லோரும் இருண்ட திரையைப் பார்த்துத்தான் தட்டினார்கள். செத்தவன் மறுபடியும் அள்ளிக்கொண்டு போய்விட்டான்.

வாடகைக் காரில் திரும்பும்போது என் மனைவி கேட்டாள். "கடைசியில வேற என்னமோ சொல்ல வாயத் தொறந்தீங்களே, அது என்ன?"

"நீ எங்க அதைப் பாத்த? திரையப் பாக்கலியா?"

"அவனைத்தான் பொறந்ததுல இருந்து பாக்குறேனே. சொல்லுங்க."

என் பொக்கிஷ ஜோக்கைச் சொன்னேன், கைகால் அசைவோடு. டிரைவர் கண்ணாடியில் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு தோள் குலுங்கியது. பிறகு கார் குலுங்கியது.

"இதையா சொல்ல இருந்தீங்க? ஐயோ! நல்லவேளை... நல்லவேளை முழுங்குனீங்க!"

மூச்சு முட்டச் சிரித்தாள், என் கையைப் பிடித்துக்கொண்டு. ஜோக்குக்கு இல்லைதான், இருக்கட்டும். சிரிப்பு என் கணக்கில் வந்து விழுந்ததா இல்லையா?

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் சொன்னாள். "இதை மட்டும் அண்ணன் கேட்டிருக்கணும்..."

"ஆரம்பிச்சுட்டியா? அவனுக்கு இதுல பங்கு கெடையாது, ஆமா!"